வெள்ளத்தோடு போனவன் நான்தான்

கடலூர் முதுநகரில் மரவாடி வைத்தவன் நான். கம்மாபுரம் சாலையில் செங்கல் சூளை, திட்டக்குடியில் அரிசி ஆலை, சிதம்பரத்தில் இன்றைக்கும் முகூர்த்த நாளில் இடம் கிடைக்காத கல்யாண மண்டபம், எல்லாம் இந்தக் கையால் வந்தவை. பேங்க்காரர் கடன் இல்லை என்றார். கூட்டாளி பாதியில் கழன்றுகொண்டார். புயல் ஆலையின் கூரையைத் தூக்கி அடுத்த வயலில் போட்டது. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றவன் இவ்வளவும் செய்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறு எதற்குச் சொல்வார்கள்? ஆனால் இதற்கெல்லாம் முன்னால், பன்னிரண்டு வயதில், நான் ஒரு தடவை செத்துப்போனேன். அதுவும் அச்சில்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. குமராட்சிப் பக்கம் கொள்ளிடக் கரையை ஒட்டி எங்கள் ஊர். அத்தாவுக்கு, என் தகப்பனாருக்கு, பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் வேலை. நான் நடை பழகிய காலத்தில் கப்பலேறியவர். பணம் வரும், கடுதாசி வரும், ஆள் வரமாட்டார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. என் கையெழுத்து கோழி கிண்டியது போலிருக்கும். அதனால் அம்மா சொல்லச் சொல்லப் பதில் எழுதித் தருவதற்கு அவளுடைய தம்பி, என் மாமா, சிதம்பரத்திலிருந்து வருவார்.

மாமா அங்கே ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தார். விற்றதைவிடப் படித்தது ஜாஸ்தி. கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவார், போன சூட்டோடு திரும்பி வரும். ஒருநாள் கடைக்கு வந்த பேராசிரியர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு வந்து எங்களுக்கு வகுப்பெடுத்தார்.

"இனிமே கதை இல்ல மாப்ளே, கட்டுரை. கதைன்னா இல்லாததச் சொல்றது. இது நடந்ததச் சொல்றது. ஆனா கதை மாதிரியே சொல்லணும். எடம் கண்ணுக்குத் தெரியணும், ஆளுங்க வாயத் தொறந்து பேசணும், எழுதுறவனும் உள்ள நிக்கணும். ஒரு சொல்லுகூடப் பொய் இருக்கக் கூடாது."

"பொய் இல்லாம நீ எப்பிடிடா எழுதுவ?" என்றாள் அம்மா.

அதில் பல வகை உண்டாம். முதலில் பயணக் கட்டுரை தொடங்கினார். அவர் போன தூரம் கடலூர்தான், அதுவும் பல் பிடுங்க. வாழ்க்கை வரலாறு எழுதலாமென்று பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லியிடம் போனார். அவர் தம்முடைய இரண்டாம் தாரத்தை விட்டுவிட்டு எழுதச் சொன்னார், மிச்சத்தில் ஒன்றும் தேறவில்லை. நாட்குறிப்பு எழுதினார். தினமும் 'கடைக்குப் போனேன்' என்றே வந்தது. அப்புறம் கொள்ளிடம்தான் அவருக்கு உதவி செய்தது.

ஐப்பசி மழையில் கரை உடைத்துக்கொண்டது. கடுதாசி எழுத வந்த மாமாவும் எங்களோடு மாட்டிக்கொண்டார். தெருவெல்லாம் தண்ணீர், வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. மேட்டுத் தெருப் பள்ளிவாசலில் அரிசி கொடுக்கிறார்கள் என்று யாரோ கூவிச் சொன்னார்கள். மாமாவுக்கு நீச்சல் தெரியாது, குடை பிடிக்கத் தெரியும். நான்தான் கொல்லையில் சாய்ந்து கிடந்த வாழை மரங்களை வெட்டி, குறுக்கே மூங்கில் செருகி, கயிறு இறுக்கித் தெப்பம் கட்டினேன். இன்றைக்கு இன்ஜினியர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள் என்றால் சும்மாவா? "போயிட்டு வர்றேம்மா" என்று கழியை ஊன்றினேன். மாமா வாசற்படியில் நின்று பார்த்தார். அன்று அவர் செய்த வேலை அது ஒன்றுதான். சாயங்காலம் அரிசியோடு திரும்பினேன், வழியில் ஓலைமேல் மிதந்து வந்த ஒரு சேவலோடும்.

தை மாதம் அது பத்திரிகையில் வந்தது. மாமா கொண்டுவந்து கொடுக்க, நானே உரக்க வாசித்தேன். வாசிக்க வாசிக்க உடம்பு சிலிர்த்தது. தெப்பம் இருந்தது, மழை இருந்தது, அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றது இருந்தது. நான் பேசியது சொல் மாறாமல் இருந்தது. முடிவு இப்படி: 'ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு மழைதான் தெரிந்தது. எங்கள் வீட்டுப் பையன் போய்விட்டான்.' அதற்குக் கீழே மாமாவின் பெயர்.

அம்மா கேட்டாள்: "வந்தது எங்கடா?"

"அது வேணாங்க்கா. அரிசி மூட்டையோட வந்து எறங்குனான்னு முடிச்சா சப்புனு போயிடும். எங்க நிறுத்தணும்னு தெரியணும், அதுதான் எழுத்து."

"வெளிய கெளம்புறவங்களே போறேன்னு சொல்லக் கூடாது, போயிட்டு வர்றேன்னுதான் சொல்லணும். நீ எம்புள்ளையப் போயிட்டான்னு அச்சுல போட்டிருக்க. வெளங்குமா?"

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். பத்திரிகையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

கோடை தொடங்கிய ஒரு நாள், தெருமுனையில் ஆட்டுக்கு வேப்பங்குழை ஒடித்துக்கொண்டிருந்தேன். குதிரை வண்டியிலிருந்து ஒருவர் தகரப் பெட்டியோடு இறங்கினார். தெருவுக்குள் வராமல் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கபர்ஸ்தானுக்கு இன்னும் அந்தப் பழைய வழிதானா?"

"ஆமாங்க. யாரு மௌத்து?"

"வெள்ளத்துல ஒரு புள்ள போச்சே. அந்த ஓட்டு வீட்டுப் புள்ள. அத எங்க அடக்குனாங்கன்னு காட்டுறியா? உடம்பாவது கெடைச்சுதா?"

அவர் கை காட்டியது எங்கள் வீட்டை. எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை.

"அந்த வீட்டுப் புள்ள நான்தாங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தார், தரையில் பாவியிருக்கிறதா என்று. பெட்டி கைநழுவி விழுந்து திறந்துகொண்டது. அப்படியே புழுதியில் உட்கார்ந்து என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா, யா அல்லா" என்றார். விடுபட்டு ஓட முடியவில்லை. சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்து, "என்னங்க!" என்று அலறிய பிறகுதான் அவர் என் அத்தா என்று தெரிந்தது.

கப்பலில் பினாங்குக்கும் போகிற அந்தப் பத்திரிகையை அவர் அங்கே படித்திருக்கிறார். 'பையன் சுகம்' என்று எங்கள் கடுதாசி போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அக்கரையில் தனியாக இருப்பவன் தாங்கமாட்டான் என்று சாவை எழுதமாட்டார்கள். அத்தாவின் தாயார் மௌத்தானபோது ஒரு வருஷம் 'தாயார் சுகம்' என்றே எழுதினார்கள். எழுதியதும் மாமாதான். ஆகவே 'பையன் சுகம்' என்று வர வர, நான் போனது அத்தாவுக்கு உறுதியாகிவிட்டது. செத்தவர்களுக்கு ஓதுகிற யாசீனை அங்கே எனக்கு ஓதியாயிற்று. கடை முதலாளி லீவு தரமாட்டேன் என்றிருக்கிறார், வேலையை உதறிவிட்டுக் கப்பலேறிவிட்டார்.

மறுநாள் மாமாவை வரவழைத்தார்கள். அத்தா பத்திரிகையை அவர் முன்னால் போட்டார்.

"மௌத்தாயிட்டான்னு நான் எழுதுனேனா மச்சான்? எந்த எடத்துலன்னு காட்டுங்க."

"வந்துட்டான்னு எழுதுனியா?"

"கடுதாசில எத்தனை தடவை எழுதுனேன், சுகம் சுகம்னு!"

"எங்கம்மாவையும் சுகம்னுதானடா எழுதுன. கடுதாசில பொய் சொல்லுவீங்க, தெரியும். அச்சுலயுமா?"

"சத்தியமா ஒரு சொல்லு பொய் கெடையாது மச்சான்."

அதுதான் எல்லோருக்கும் திக்கென்றிருந்தது. விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தார்கள். ஒரு சொல் பொய் கிடையாது.

அத்தா திரும்பிப் போகவில்லை, போக அந்த வேலை இல்லை. அடுத்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலூருக்குப் பலகை தூக்கப் போனேன். மாமா எழுத்தாளர் ஆனார்.

அதற்காக நான் மாமாமேல் கோபப்படவில்லை. கோபமெல்லாம் அத்தாமேல்தான். உயிரோடு இருந்த மகனைப் பார்க்க ஒரு தடவைகூட வராத மனிதர், செத்த மகனைப் பார்க்கக் கடல் தாண்டி ஓடிவந்திருக்கிறார். அவர் தேடி வந்தது கபரை, நான் குறுக்கே நின்றுவிட்டேன் என்று நினைத்தேன். ரொம்ப நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. உயிரோடு இருக்கிற மகனுக்காகத்தான் அத்தனை வருஷமும் ஒரு மனிதர் வராமல் இருந்தார் என்பது அந்த வயதில் எப்படித் தெரியும்? எனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் முகம் பார்க்காமல் சூளையிலேயே கிடந்தபோதுதான் தெரிந்தது. அப்போது அத்தா இல்லை.

போன மாதம் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி பாடப் புத்தகத்தோடு வந்தாள். புனைவு அல்லாத இலக்கியம் என்று தலைப்பு. அதன் இயல்புகள், வகைகள் எல்லாம் போட்டு, எடுத்துக்காட்டாக மாமாவின் கட்டுரை. அவரைப் பற்றி அரைப் பக்கம். பையனைப் பற்றி ஒரு வரி இல்லை. "அந்தப் பையன் பாவம், இல்ல தாத்தா?" என்றாள்.

அந்தப் புத்தகம் போட்டவர்களுக்குச் சொல்கிறேன். எழுதியவர் மாமா, இருக்கட்டும். தெப்பம் கட்டியவன் நான், அதில் வருகிற பேச்செல்லாம் என் பேச்சு. அதை நம்பிப் பிழைப்பை விட்டுவிட்டு வந்தவர் என் அத்தா. அடுத்த பதிப்பில் எங்கள் இரண்டு பேர் பெயரும் வரவேண்டும். மாமா பெயருக்கு மேலே.