பெரியம்மா யானையான ஆட்டம்

பொழிச்சலூரில் பெரியம்மா வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் தாழப் பறந்து இறங்கும். அந்த இரைச்சலில் பேசிப் பயனில்லை. பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டு, விமானம் போகட்டும் என்று மூன்று பேரும் காத்திருப்போம்.

பெரியம்மாவின் மகன், என் அண்ணன், பொத்தேரியில் அறை எடுத்துப் படித்தபோது கற்றுக்கொண்டு வந்த ஆட்டம் அது. ஆளுக்கொரு வேடம். கதை சொல்வது அண்ணன். அவன் வாயால் சொன்னால்தான் எதுவும் நடந்ததாக அர்த்தம். எதிரிகளுக்கும் அவனே பகடை உருட்டுவான், ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால். பெரியம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் படிப்பை நிறுத்திவிட்டு வந்துவிட்டான். படுத்தே கிடந்தவளுக்குப் பொழுது போகட்டும் என்று அவளையும் ஆட்டத்தில் சேர்த்தான். நான் மந்திரவாதி. பெரியம்மா வாள் ஏந்திய வீராங்கனை. ஆனால் வாளை எடுக்கவே மாட்டாள். பூதம் வந்தால் "சாப்பிட்டியாப்பா?" என்று விசாரிப்பாள். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான்.

ஒரு நாள் டிராகன் வந்தது. அது விசாரிப்புக்கெல்லாம் மசியவில்லை. அது நெருப்பைக் கக்குவதற்குள் நான் உருமாற்று மந்திரம் போட்டுப் பெரியம்மாவை யானையாக்கிவிட்டேன். கொலுப் பெட்டியிலிருந்து ஒரு மண் யானையை எடுத்து, ஆட்டத் தாளில் அவள் நின்ற கட்டத்தில் வைத்தோம்.

"இனிமே அடியெல்லாம் யானைக்குத்தான்மா. யானை விழுந்தா மந்திரம் கலைஞ்சிடும். நீ எழுந்துடுவே" என்றான் அண்ணன்.

"பழையபடியேவா?"

"பழையபடியே."

முடி கொட்டிய தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு, "நல்ல மந்திரம்டி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

யானை நிறைய அடி வாங்கியது. இன்னும் ஓர் அடி விழுந்தால் போதும் என்கிற நிலையில் டிராகனுக்குக் குறி தப்பத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் தப்பியது. எனக்குச் சந்தேகம். தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். இருபது முகப் பகடையில் இருபதே விழுந்திருந்தது, தப்பவே தப்பாத அடி. அண்ணனோ "அடி படலை" என்றான்.

"அழுகுணி ஆட்டம் ஆடுறியேண்ணா! யானை விழட்டும். அப்பதானே பெரியம்மா எழுந்துப்பாங்க?"

"வாயை மூடு."

பெரியம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விடுடா கண்ணா, விழட்டும்" என்றாள். அவன் பகடைகளை வாரிப் பையில் போட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போய்விட்டான். யானை கட்டத்திலேயே நின்றது.

அதற்குப் பிறகு நாங்கள் ஆடவில்லை. பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்து நான் பார்த்தபோது கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. ஆட்டத்தின் விதி எனக்குத் தெரியுமே. அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் காதில் சொன்னேன்.

"யானை விழுந்துடுச்சுண்ணா. சொல்லு. நீ சொன்னாதான் எழுந்துப்பாங்க."

அவன் என்னைப் பார்த்தான். உதடு அசைந்தது. அதற்குள் ஒரு விமானம் வந்துவிட்டது. வழக்கம்போல நான் பொறுமையாகக் காத்திருந்தேன். இரைச்சல் அடங்கிய பிறகும் அவன் சொல்லவில்லை.

வீம்புக்காரன் என்று ரொம்ப நாள் அவனோடு காய் விட்டிருந்தேன். யானை விழுந்தால் தன் அம்மா பழையபடி எழுந்துவிட்டாள் என்று அவன் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல்தான் அத்தனை நாளும் யானையை விழவிடாமல் வைத்திருந்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.