கொழுவுற வேலை

காருக்குப் பின்னால் வீட்டையும் கட்டி இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போக ஆசைப்படும் மனிதர்களை நம்பித்தான் எங்கள் தொழில் நடந்தது. இஷொய் என்ற டேனிஷ் ஊரில், கடற்கரைக்குத் திரும்பும் வழியில், கம்பிங் வண்டி விற்கும் முற்றம் ஒன்றில் எனக்கு வேலை. சில்லு பூட்டிய சின்ன வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் இருக்கும். விற்பது முதலாளி ஸ்வென். விற்றதை வாங்கியவரின் கார்க் கொக்கியில் கொழுவி, எப்படி இழுப்பது, எப்படிப் பின்னுக்கு எடுப்பது என்று காட்டி, கேற்றுக்கு வெளியே உயிரோடு அனுப்பிவைப்பது நான். ஊரில் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டாதவன் டேனிஷ்காரருக்கு வண்டி பழக்கியது எப்படி என்று கேட்காதீர்கள். ஸ்வென்னுக்கு நாரிப்பிடிப்பு, குனிய முடியாது; எனக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். முதல் வண்டி வாங்கி முதல் நாளே மதிலில் முட்டியவர்கள் உங்களில் இருந்தால் கூச்சப்படாமல் வாசியுங்கள், நீங்களெல்லாம் என் ஆட்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில், ஊரில் போர் நடந்த அந்த வருஷங்களில் என் மனைவி சுகந்தி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கலியாணம் முடித்த கையோடு வெளிக்கிட்டவன் நான். அவளைக் கூப்பிட நான் போட்ட விண்ணப்பமும், என்னைப் போன்ற மற்றத் தமிழர் போட்டவையும் அமைச்சில் அசையாமல் கிடந்தன. மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்று சட்டம் சொன்னது, ஆனால் ஒருவரும் வந்தபாடில்லை. வேண்டுமென்றேதான் கிடப்பில் போட்டார்கள் என்பது பிறகு அம்பலமாகி, ஓர் அரசாங்கமே அதனால் வீட்டுக்குப் போனது. அப்போது எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு காலையும் ஸ்வென் "வந்தாச்சா?" என்று கேட்பார். இல்லை என்பேன். கோப்பி ஊற்றித் தருவார்.

கை காட்டினேன், நின்றார்

பின்னுக்கு எடுப்பதில்தான் புதியவர்கள் எல்லோரும் அழுவார்கள். வண்டி இடப்பக்கம் போகவேண்டுமென்றால் நீங்கள் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பவேண்டும். மனம் ஒத்துக்கொள்ளாது. அதனால் பின்னால் ஒருவர் நின்று கை காட்டுவது அவசியம், அவர் கண்ணாடியில் தெரிய வேண்டியது அதைவிட அவசியம்.

என்னுடைய முதல் மாணவர் ஹென்னிங். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். நான் பின்னால் போய் நின்று, கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, விரல்களை மடக்கி மடக்கி "வா, வா" என்று கூப்பிட்டேன். நாங்கள் பஸ்ஸையும் அப்படித்தான் கூப்பிடுவோம், பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஹென்னிங் பிரேக்கை அமத்தினார். இன்னும் வேகமாகக் கூப்பிட்டேன். எஞ்சினையே நிறுத்திவிட்டார். இரண்டு கையாலும் கூப்பிட்டேன். ஸ்வென் அலுவலக ஜன்னலுக்குள் நின்று நாரியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். உள்ளங்கை கீழே பார்த்து ஆடினால் டேனிஷ்காரருக்கு 'மெதுவாக, மெதுவாக, நில்' என்று அர்த்தமாம். ஹென்னிங் கதவைத் திறந்து இறங்கி, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறேன். இன்னும் எவ்வளவு நிற்க வேண்டும்?"

என்ன தொழில்?

அன்று பின்னேரமே ஸ்வென் எனக்கு டேனிஷ் 'வா' பழக்கினார். உள்ளங்கை வானத்தைப் பார்க்கவேண்டும், விரல்கள் தன் நெஞ்சை நோக்கி மடங்கவேண்டும். ஊரில் யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் அடிபாட்டுக்குக் கூப்பிடுகிறான் என்று நினைப்பார்கள். ஹ்விடோவ்ரேயில் நான் தங்கியிருந்த அறையின் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிப் பழகி ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது.

மொழி அவ்வளவு லேசில் வரவில்லை. டேனிஷ் வகுப்பில் ரீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி என்ன தொழில் என்று கேட்டார். காரையும் வண்டியையும் கொழுவுவதற்கு டேனிஷில் 'கோப்லே' என்பார்கள். அப்படியென்றால் கொழுவுகிறவன் 'கோப்லர்'தானே? எழுந்து நின்று, நல்ல சத்தமாக, "நான் ஒரு கோப்லர்" என்றேன். ரீச்சரின் முகம் சிவந்துபோனது. பிறகு மேசையில் தலையை வைத்துச் சிரிக்கத் தொடங்கினார். கோப்லர் என்றால் ஆண்களுக்குப் பெண்களைப் பிடித்துக் கொடுக்கிறவனாம். அந்த வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் மனைவி வருவாள் வருவாள் என்று காத்துக்கொண்டிருந்த தமிழர்கள். கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒருவர் எழுந்து சொன்னார்: "அப்ப அண்ணை, என்ரை மனிசியையும் ஒருக்காப் பிடிச்சுத் தாங்கோவன்."

கசெற்றில் வந்த கேள்வி

சுகந்திக்கு நான் கடிதம் எழுதுவதில்லை. இருவரும் கசெற்றில் பேசிப் பதிந்து அனுப்பிக்கொள்வோம். ஒரு கசெற்றில் என் வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருந்தேன். காலையில் இருந்து பொழுதுபடும்வரை கொழுவுகிறேன், நல்லாய்க் கொழுவுகிறேன் என்று முதலாளி முதுகில் தட்டினார், இனி ஈஸ்டர் விடுமுறை வருவதால் சனி ஞாயிறும் கொழுவவேண்டும், இப்படி.

அவளுடைய பதில் கசெற் வந்தபோது அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். குரலுக்குப் பின்னால் ஹெலிகொப்டர் சுற்றும் சத்தம். அந்தச் சத்தம் கிட்ட வர வர நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். அவளோ அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அவளுக்கு இருந்த கவலை வேறு. எங்கள் ஊரில் கொழுவுவது என்றால் மாட்டுவது, அதோடு சண்டை பிடிப்பதும்தான் என்பதை நான் யோசிக்கவில்லை. கசெற்றில் அவள் கேட்டது இது: "ஊரிலை ஒருத்தரோடையும் கொழுவாத மனிசன் நீங்கள், அங்கை போய்க் கொழுவுறதுக்குச் சம்பளம் வாங்கிறியளோ?"

அரிசி மூட்டையின் இடம்

தமிழர்களில் எங்களிடம் வண்டி வாங்கியவர் ஒரே ஒருவர்தான். மன்னாரைச் சேர்ந்த அன்ரன் அண்ணை, பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. ஜெர்மனியில் மாதா திருவிழாவுக்குப் போக ஒரு பழைய வண்டியை வாங்கினார். நான் படித்துப் படித்துச் சொன்னேன்: பாரமானதை அச்சுக்கு மேலே நடுவில் வையுங்கள் அண்ணை, காரோடு கொழுவும் மூக்குப் பக்கம் கொஞ்சம் பாரம் இருக்கட்டும், பின்பக்கம் மட்டும் வேண்டாம். "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்றார். போகும்போது வண்டியின் மூக்கைத் தாங்கும் முன்சில்லைத் தூக்க மறந்தார். ஓடிப்போய் நான் தூக்கிவிட்டேன்.

எல்லை தாண்டு முன்பே வழியில் ஒரு பெற்றோல் நிலையத்திலிருந்து தொலைபேசி எடுத்தார். வண்டி பின்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடுகிறதாம், காரையும் சேர்த்து ஆட்டுகிறதாம். பின்னுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அரிசி மூட்டை, சோறு சமைக்கும் பெரிய கிடாரம், தேங்காய்ச் சாக்கு, ஆட்டுக்கல். கழிப்பறைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுச் சாமான் வைக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் கடைசி மூலையில் அடுக்கியிருக்கிறார். எல்லாவற்றையும் நடுவுக்கு மாற்றுங்கள், எழுபதுக்கு மேல் ஓடவேண்டாம், ஆடினால் பிரேக்கில் ஏறி நிற்காமல் வேகம் கொடுக்கும் காலை மெல்ல எடுங்கள் என்றேன். அரை மணித்தியாலம் கழித்து மறுபடி எடுத்தார். ஆட்டம் நின்றுவிட்டதாம், ஆனால் மனதில் ஒரு குறை: "தம்பி, இப்ப வண்டி நல்லா வருது, ஆனா ஆட்டுக்கல்லை என்ரை மனிசி படுக்கிற கட்டிலிலை வைச்சிருக்கு, அவ இனி எங்கை படுக்கிறது?"

யாருடைய இடம்?

ஒடென்சேயிலிருந்து படகேறி வந்த ஒரு இளம் தம்பதி. கணவன் புத்தகம் எல்லாம் படித்துவிட்டு வந்திருந்தான். மனைவி பின்னால் நின்று "இடம், இடம்" என்கிறாள். அவன் "உன்னுடைய இடமா, என்னுடைய இடமா?" என்கிறான். வண்டி காருக்குக் குறுக்கே மடிந்துபோய் நின்றது. நான் எத்தனையோ பேருக்குச் சொன்னதைத்தான் அவர்களுக்கும் சொன்னேன்: இடம் வலம் என்று கத்தவேண்டாம், கையால் காட்டுங்கள், எந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று ஏறும் முன்பே பேசி முடிவெடுங்கள், கண்ணாடியில் ஆளைக் காணாவிட்டால் நிறுத்துங்கள். யாரும் கேட்கவில்லை. சண்டை முற்றியது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் என்னைப் பார்த்து, "உனக்கு மனைவி இன்னும் வரவில்லையாமே, கொடுத்துவைத்தவன்" என்றாள். ஸ்வென் சொல்லியிருப்பார்.

என் முகம் எப்படிப் போனதோ தெரியாது. எனக்கு அந்த இருவர்மேலும் அப்படியொரு பொறாமை. சண்டை பிடிக்கவாவது ஆள் கைக்கெட்டிய தூரத்தில் நிற்கிறதே என்று இருந்தது. அவள் கேற் வரை போய், நின்று, திரும்பி வந்தாள். கணவனைக் காரிலிருந்து இறக்கிவிட்டுத் தான் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னலை இறக்கி என்னிடம் சொன்னாள்: "என்னைத் திட்ட எனக்கு ஒருவன் இருக்கிறான், உனக்கு ஒருவரும் இல்லை. வா, நான் ஓட்டுகிறேன், நீ என்னைத் திட்டிப் பழகு."

கஸ்ட்ரூப்

ஒரு காலை ஸ்வென் வழக்கம்போல "வந்தாச்சா?" என்று கேட்டார். நான் "வாறாள்" என்றேன். டேனிஷ் மறந்து தமிழில் வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது. அன்று கோப்பி ஊற்றும்போது பாதியை மேசையில் ஊற்றிவிட்டார்.

அவள் வருகிற நாளில் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரில் ஒருவருக்கு வண்டி ஒன்று ஒப்படைக்க வேண்டியிருந்தது. கொடுத்துவிட்டுக் காரோடு அவளை எடுக்கலாம் என்பது ஸ்வென்னின் திட்டம். போனால் அந்த வீட்டில் ஆளில்லை, மாலையில்தான் வருவாராம். அதனால் என் மனைவியை வரவேற்க, பின்னால் ஒரு வீட்டையும் இழுத்துக்கொண்டு கஸ்ட்ரூப் விமான நிலையத்துக்குப் போனேன். தூரத்தில் லொறிகள் நிற்குமிடத்தில் விட்டுவிட்டு ஓடினேன். வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். யாரோ கொடுத்த கம்பளிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். நான் அழுதேன், அவள் என்னைப் பார்த்துவிட்டு அழுதாள். பிறகு வண்டியைக் கண்டு, "இதுதானோ வீடு?" என்று மெல்லக் கேட்டாள். இல்லையென்று நம்பவைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வெளியே போகும்போது கண்ணீரில் பாதையைத் தவறவிட்டு, கார் தரிப்பிடத்துக்குள் திருப்பிவிட்டேன். முன்னால் உயரத் தடை. கார் போகும், வண்டி போகாது. பின்னுக்கு எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பின்னால் ஒரு டாக்சி ஹோர்ன் அடிக்கிறது. நான் சொல்லாமலே சுகந்தி இறங்கிப் பின்னால் போனாள். டாக்சிக்காரரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் ஹோர்னை விட்டுவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். பிறகு என் கண்ணாடியில் தெரியும்படி வந்து நின்று, கையை நீட்டிக் கூப்பிட்டாள். உள்ளங்கை கீழே பார்த்தது. என் கால் தானாகப் போய்ப் பிரேக்கை அமத்தியது. அவள் இன்னும் வேகமாகக் கூப்பிட்டாள். நான் இன்னும் இறுக்கி அமத்தினேன். இரண்டு கையாலும் கூப்பிட்டாள். எஞ்சினை நிறுத்திவிட்டேன்.

அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள். முகத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை, ஆனால் கோபம் வந்துவிட்டது. "இஞ்சாருங்கோ, வாங்கோ வாங்கோ எண்டு நான் கூப்பிடக் கூப்பிட நிக்கிறியள்; இவ்வளவு காலமும் நிண்டது போதாதோ?"

அவ்வளவு பேருக்கு வண்டி பழக்கியவன் என்ற உரிமையில் புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: வண்டியை யாரிடம் வாங்கினாலும் பரவாயில்லை, பின்னால் நின்று கை காட்டப்போகிறவரோடு முதலில் நன்றாகக் கொழுவிக்கொள்ளுங்கள்.