ஒட்டுப்பாறைக்கு வந்த அலை

அமுதவல்லி பதினோரு வருடமாக டவர் ஏறுகிறவள். வீடு இண்டூரில், வேலை தருமபுரியில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில். டிப்ளமோ படித்தபோது ஆன்டெனா பாடத்தில்தான் இரண்டு தடவை பெயிலானேன் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

மலைமேல் ஒட்டுப்பாறையில் ஒரு துணை சுகாதார நிலையம். செல்போன் சிக்னல் எடுக்காத ஊர். முன்பு வந்தவர்கள் சுற்றிலும் அலை பரப்பும் குச்சி ஆன்டெனாவை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இன்டர்நெட் வர வேண்டிய பாப்பாரப்பட்டி டவரோ பதினான்கு கிலோமீட்டர் தள்ளி. ஒன்றும் எட்டவில்லை.

"நாலு பக்கமும் கத்துனா யாருக்குங்க கேக்கும்? ஒரே பக்கம் பாத்துக் கூப்புடணும்" என்று மேனேஜரிடம் வாதாடி, இரண்டு முனைக்கும் அலையை ஒரே திசையில் குவிக்கும் டிஷ் வாங்கினாள் அமுதவல்லி.

ஒரு காலையில் அவள் ஒட்டுப்பாறைக் கம்பத்தில் ஏறினாள். பாப்பாரப்பட்டி டவரில் அவளோடு வேலை செய்யும் கிருஷ்ணப்பன் ஏறியிருந்தார். நடுவில் மரமோ மேடோ மறைக்கிறதா என்று தெரிய வேண்டும்.

"அண்ணா, வெயில்ல கண்ணாடியக் காட்டுங்க" என்றாள் வாக்கிடாக்கியில்.

தூரத்துப் புகைமூட்டத்தில் ஒரு புள்ளி பளிச்சென்று மின்னியது. மறைப்பு இல்லை.

டிஷ்ஷை மெல்லத் திருப்பினாள். மீட்டரில் எண்பத்திரண்டு, எழுபத்தெட்டு. எண் குறையக் குறைய சிக்னல் கூடும். எழுபத்தாறில் நின்றது.

"போதும் அமுதா, போல்ட்ட முறுக்கு" என்றார் கிருஷ்ணப்பன்.

"இது ஓரத்துல கசியுறதுண்ணா. அலையோட நடு இன்னும் வரல."

இன்னும் நகர்த்தினாள். சிக்னல் செத்தே போனது. ஆனாலும் கை நிற்கவில்லை. மயிரிழை நகர்ந்ததும் ஐம்பத்தெட்டு! கம்பத்தோடு அப்படியே ஒட்டி நின்றாள்.

கீழே செவிலியர் ரோசம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணியைக் கணினி முன் உட்கார வைத்தாள். தருமபுரி டாக்டரின் முகம் திரையில் தெளிந்தது. "கால் வீக்கத்தக் காட்டும்மா" என்றவர், பார்த்ததும் ஆம்புலன்ஸுக்கு அவரே சொல்லிவிட்டார்.

"ஒயரே இல்லியே, காத்துலயா வருது?" என்றாள் ரோசம்மாள், கம்பத்திலிருந்து இறங்கி வந்தவளிடம்.

"காத்துகூட வேணாங்கக்கா. ஒண்ணுமே இல்லாத எடத்துலயும் வரும்."

சொல்லிவிட்டு அமுதவல்லி பள்ளத்தாக்கைப் பார்த்தாள். வெயிலும் இரண்டு பருந்துகளும் தவிர அங்கே எதுவும் இல்லை. அவளுக்குப் புல்லரித்தது.