ட்வைலா கொடுத்த இரண்டு கோப்பை

ட்வைலா ராட்லிஃப், ஒரு முதியோர் இல்லத்தில் பதினொரு வருடம் நோயாளிகளைத் தூக்கிக் குளிப்பாட்டியவள். ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி போனது, மாத்திரை போகவில்லை. அப்புறம் வேலையும் போனது. புருஷன் அதற்கு முன்பே ஓஹையோ பக்கம் போய்த் தொலைந்திருந்தான். இரண்டு பெண் பிள்ளைகளோடு என் பக்கத்து டிரெய்லர் வீட்டில் கிடந்தாள்.

அப்போதுதான் எங்கள் மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கம் அந்தச் சட்டம் வந்தது. அரசு உதவி கேட்பவர் போதை பற்றிய கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். சந்தேகம் வந்தால் சிறுநீர்ப் பரிசோதனை. அதில் மாட்டினால் கட்டாய சிகிச்சை. ஊரே திட்டித் தீர்த்தது. ட்வைலாவுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. சிகிச்சைக்கு இடம் கேட்டு இரண்டு வருடமாக போன் போட்டு ஓய்ந்திருந்தவள் அவள்.

"கட்டாயப்படுத்தி அனுப்புறாங்களாம்க்கா! நான் வேணாம்னா சொல்லப்போறேன்?"

உதவி வழங்கும் அலுவலகத்துக்கு என் காரில்தான் அழைத்துப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் கார்னெட் மலின்ஸ் என்கிற அம்மாள். தாளை வாங்கிப் பார்த்தவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கண்ணு, போதைப் பழக்கம் உண்டாங்கற இடத்துல தப்பா 'ஆமா'ன்னு போட்டிருக்கே."

"சரியாத்தாங்க போட்டிருக்கேன்."

"அட, யாரும் இப்படிப் போடறதில்லையேம்மா! இதுக்கு அடுத்த ஃபாரம் எதுன்னே எனக்குத் தெரியாது."

மூன்று அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். கடைசியில், ஒன்பது நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

அதற்குள் அவளுக்குக் கள்ளத்தனமாக மாத்திரை விற்றவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. மாத்திரை கிடைக்காமல் ட்வைலா ஒன்பது நாளும் வியர்த்து, வாந்தியெடுத்து, போர்வைக்குள் நடுங்கினாள். உப்பு பிஸ்கட்டும் இஞ்சி சோடாவும் கொடுத்துப் பார்த்துக்கொண்டேன். பல் கிடுகிடுக்கப் போய்ச் சிறுநீர்க் கோப்பையை நீட்டினாள்.

"சுத்தம்!" என்று கை தட்டினாள் கார்னெட். "வாழ்த்துகள்மா!"

"அப்ப சிகிச்சை?"

"சுத்தமா இருக்கறவங்களுக்கு எதுக்கு சிகிச்சை?"

"என் மூஞ்சியைப் பாருங்க. இது சுத்தமா இருக்கற மூஞ்சியா?"

"ஃபாரத்துல மூஞ்சிக்குக் கட்டம் இல்ல கண்ணு. அடுத்த தடவை மாட்டினா வா, அனுப்பிடறோம்."

காரில் ஏறியதும் கேட்டாள். "அப்ப ஒண்ணு முழுங்கிட்டு வந்தா எடம் உண்டாக்கா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பாலம் தாண்டும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

நான்காம் நாள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு எங்கோ போனாள். மறுநாள் இரண்டாவது கோப்பை. மாட்டினாள். அலுவலகத்தில் அத்தனை பேருக்கும் சந்தோஷம். சட்டம் வேலை செய்கிறது என்று மேலிடத்துக்கு எழுதினார்கள்.

அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. சிகிச்சைக்கு ஏழு மாதம் காத்திருக்க வேண்டும். இடம் இரண்டு மணி நேரத் தொலைவில். பஸ் கிடையாது. ஒருமுறை தவறினாலும் உதவி நிறுத்தப்படும்.

அந்த ஏழு மாதத்தில் ஒன்பது நாளில் விட்டதையெல்லாம் திரும்பப் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை குளியலறைத் தரையில் நீலம் பாரித்துக் கிடந்தவளை மூத்தவள்தான் பார்த்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் மூக்கில் போதை முறிக்கும் மருந்து அடித்து எழுப்பினார்கள்.

பிறகு முறை வந்தது. ஒரு வருடம் திங்களும் வியாழனும் நான்தான் கார் ஓட்டினேன். இப்போது பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். இடுப்பு வலி இன்னும் இருக்கிறது. டாக்டரிடம் மட்டும் போகமாட்டேன் என்கிறாள்.