கேட்ட தடவை

தம்பி எதையெல்லாம் ஜெயித்தான் என்று கேட்டால் அக்கா மூச்சு விடாமல் சொல்வாள். ஒன்று: அவனுக்கு இரண்டு வயதில் வந்த விஷக்காய்ச்சல். டாக்டரே கையை விரித்துவிட்டார். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து பால் கேட்டான். இரண்டு, தகர ஆலை வேலை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவனுக்கு இங்கே என்ன வேலை என்று வாட்ச்மேன் விரட்டினார். "உள்ள ஒரு மெஷின் நொண்டுதுங்க, சத்தத்துலயே தெரியுது" என்று ஆலை வாசலுக்கு வெளியே நின்றபடி இவன் சொன்னது, அந்த வழியாக வந்த ஃபோர்மேன் காதில் விழுந்தது. போய்ப் பார்த்தால் மூணாவது மெஷினில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மூன்று, ஒன்பதாம் நம்பர் பிரஸ். மூன்று பேரின் விரலைத் தின்ற மெஷின் அது. அதில் பதினோரு வருடம் டப்பா மூடி அடித்தும் பத்து விரலும் அவனிடம் பத்திரமாக இருந்தன. நான்கு, கேன்டீன் சுவர்.

கேன்டீனில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்குச் சுவர் காலியாக இருந்தது. அதில் சினிமா நட்சத்திரங்களின் படத்தை ஒட்ட சமையல்காரர் காத்துக்கொண்டிருந்தார். சங்கத்துக்காரர்களுக்கும் அதன் மேல் ஒரு கண். ஆலையில் 'ரேடியோ' என்று பெயர் வாங்கியிருந்த தம்பி, 1990 டிசம்பர் கடைசி வேலை நாளில் ஒரு தாளைக் கொண்டுபோய் அங்கே ஒட்டினான். அந்த வருடத்தில் வந்த பாட்டுகளில் அவனுக்குப் பிடித்த பத்து, ஆல்பங்களில் மூன்று. சமையல்காரர் கிழிக்கத்தான் போனார். தாளில் முதலிடத்தில் இருந்த பாட்டைப் பார்த்ததும், "அட, இது தேறுமே" என்று கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்த இடம் தம்பியுடையது.

தாளை எழுதியவள் அக்கா. எட்டாவதோடு நின்றவள் என்றாலும் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். மருந்துக் கடையில் மாத்திரைப் பெட்டிகளின் காலாவதித் தேதியைப் பார்த்துப் பிரித்து அடுக்குவது அவள் வேலை. ஒரு தேதி தவறினால் ஒரு உயிர் என்று முதலாளி முதல் நாள் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டவள். வீட்டுக்குள் வரும் சோப்புக்குக்கூட வாங்கிய தேதி எழுதிவைப்பாள்.

தம்பிக்குப் படிக்கத் தெரியாது. கேசட் அட்டையின் படத்தை வைத்துத்தான் ஆல்பத்தை அடையாளம் கண்டுகொள்வான். பாட்டுகளுக்கு அவனே பெயர் வைத்திருந்தான்: கதவு தட்டுற பாட்டு, வெந்நீர் பாட்டு, அழுதுட்டே சிரிக்கிறவ பாட்டு. எது எந்தப் பாட்டு என்று அட்டையோடு ஒத்துப் பார்த்து சரியான பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அதைவிடப் பெரிய பாடு வரிசை. காலையில் ஒன்று முதலில் இருக்கும். சாப்பிட்டு முடிப்பதற்குள் அது நாலாவதுக்கு இறங்கிவிடும்.

"இப்படி மாத்திக்கிட்டே இருந்தா நான் பேனாவைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவேன்டா."

"எல்லாமே என் புள்ளைங்க மாதிரிக்கா. எதைத் தள்ளச் சொல்றே?"

"உனக்குப் பொண்ணு பார்க்கவே ஆள் இல்ல. அதுக்குள்ள பத்துப் புள்ள."

கடைசியில் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். வருடம் முழுக்க நோட்டில் கணக்கு வைப்பது. எந்தப் பாட்டு எத்தனை தடவை என்று ஐந்தைந்து கோடாகப் போட்டு, டிசம்பரில் கூட்டி, அதிகம் வந்தது முதலிடம். கேசட் ஓடினால் ஒரு கோடு. பாத்திரம் துலக்கும்போது தம்பி முணுமுணுத்தாலும் ஒரு கோடு, சட்டை தேய்க்கும்போது விசிலடித்தாலும் ஒரு கோடு. பாட்டு மனசில் இருந்தால்தானே வாய்க்கு வரும், அதுவும் சேர்த்தி என்பது அவள் நியாயம். பார்க்கப் போனால் முக்கால்வாசிக் கோடு அவன் வாயிலிருந்து வந்தவைதான். வீட்டிலிருந்த கேசட் பெட்டி கிழடு. பாதிக்கு மேல் சத்தம் வைத்தால் கரகரக்கும். மாலையில் அரை மணி நேரம், அதுவும் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்காதபோது. ஹெட்போன் என்பதை அவன் கடைக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறான்.

அந்தக் கூட்டுத்தொகைக்குத் தாளில் ஒரு தலைப்பு வேண்டியிருந்தது. 'கேட்ட தடவை' என்று எழுதினாள். கதவு தட்டுற பாட்டு, கேட்ட தடவை 412. வெந்நீர் பாட்டு, 388. ஆலையில் வேறு யாருடைய அக்காவும் தம்பிக்கு இப்படிச் செய்வாளா என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. அந்த எண்களைச் சிவப்பு மையில் எழுதினாள்.

முதல் தாளில் புல்லாங்குழல் இருந்தது. 'ஏழு ஜன்னல்' என்ற ஆல்பத்தில் கடைசிப் பாட்டு. குழல் மட்டும் தனியாக வரும் இடத்தில் தம்பி சாப்பிடும் கையை அப்படியே நிறுத்திவிடுவான். 1993இல் குழல் எட்டாம் இடத்துக்குப் போயிற்று. அடுத்த வருடம் தாளிலேயே இல்லை. 1995இல் அவன் உயிரையே வைத்திருந்த பாடகி தாளிலிருந்து காணாமல் போனாள்.

"அவளுக்கு என்னடா குறைச்சல்? நல்லாத்தானே பாடியிருக்கா?"

"முன்ன மாதிரி இல்லக்கா. வாயில துணியை வெச்சுக்கிட்டுப் பாடுறா. உனக்குத் தெரியல."

அக்கா கேசட்டை மறுபடி போட்டுக் கேட்டாள். பாடகி தெளிவாகத்தான் பாடிக்கொண்டிருந்தாள். ரசனை என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று விட்டுவிட்டாள். அந்த வருடத் தாளைப் பார்த்த சமையல்காரர், "என்ன ரேடியோ, ஒரே மேளமும் தாளமுமா, தட்டுமுட்டுச் சாமானா அடுக்கியிருக்கே? ராகமே இல்லையா?" என்று கேட்டார். தம்பி சிரித்தான். கேள்வி அவன் காதில் விழவில்லை என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒன்பதாம் நம்பர் பிரஸ்காரன் எதற்கும் சிரிக்கிற ஆள் என்றுதான் நினைத்தார்கள்.

1997 டிசம்பரில் தாளில் பத்து இல்லை. நாலுதான். நாலும் தோல் வாத்தியம். கேசட் பெட்டியின் மேல் தாடையை வைத்துக்கொண்டு அவன் கேட்பதை அக்கா பார்த்தாள். என்னடா கோலம் இது என்று கேட்டாள். பதில் வரவில்லை. தோளைத் தொட்டு மறுபடி கேட்டாள். "இப்படி வெச்சாத்தான் உள்ள போகுதுக்கா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

பிப்ரவரியில் ஆலையில் அபாய மணி அடித்தது. ஒன்பதைத் தவிர எல்லா பிரஸ்ஸும் நின்றன. எதிரே மூடி பொறுக்கிக்கொண்டிருந்தவர் கையை இழுத்துக்கொண்டதால் தப்பினார். ஃபோர்மேன் ஓடி வந்து தம்பியின் முதுகில் அறைந்தபோதுதான் அவன் திரும்பிப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, இரண்டு காதும் முக்கால் பங்கு போய்விட்டது, மீதியும் நிற்காது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, அக்காவையும் அழைத்துக்கொண்டு வரும்படி ஆலை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. மருந்துக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள். மேனேஜர் மரியாதையாகவே நாற்காலி போடச் சொன்னார். மேசை மேல் தட்டச்சு செய்த ஒரு தாளும், மை டப்பாவும் இருந்தன. பக்கத்தில் கேன்டீன் சுவரிலிருந்து உரித்தெடுத்த எட்டு வருடத் தாள்கள். மூலைகளில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்க சார்."

"அழகா இருக்கு. 412 தடவை. 388 தடவை. பத்துப் பாட்டையும் கூட்டினா வருஷத்துக்கு மூவாயிரத்துக்கு மேல வருது. இப்படிக் கேட்டா எந்தக் காதும்மா தாங்கும்?"

"அது கேட்டதில்ல சார். பாடினது. அவன் வாயால பாடினதையும் சேர்த்துத்தான் நான்..."

"கேட்ட தடவைன்னுதானே எழுதியிருக்கீங்க?"

"தலைப்புக்காக அப்படி எழுதினேன் சார்."

"சிவப்பு மையில எழுதியிருக்கீங்க."

அவள் தாள்களை வருடவாரியாக அடுக்கினாள். ஒன்றுகூட இடம் மாறவில்லை. முதல் தாளில் குழல் இருப்பதையும், அது இறங்கிக்கொண்டே போனதையும், பாடகி மறைந்த வருடத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். காட்டக் காட்டத்தான் அவளுக்கே அது முழுசாகப் புரிந்தது. எட்டு வருடமாகத் தம்பியின் காது போவதைத் தன் கையாலேயே தேதி போட்டு எழுதிவந்திருக்கிறாள்; ஒரு டிசம்பரில்கூட அதைப் படித்துப் பார்க்கவில்லை.

"பாருங்க சார், மெல்லிசான சத்தமெல்லாம் முதல்ல போயிருக்கு. பெட்டியில கேட்டுக் கெட்டது இல்ல சார் இது. மெஷின் சத்தம்."

"ஆளுக்கு வயசாக ஆக ரசனை மாறும்மா. எனக்கும்தான் மாறியிருக்கு." மேனேஜர் தட்டச்சுத் தாளைத் திருப்பி வைத்தார். "இவரைத் தெருவுல விட எங்களுக்கு மனசில்ல. குடோன்ல வேலை இருக்கு, சத்தமே கிடையாது, அறுபது வயசு வரைக்கும் இருக்கலாம். ஓயாம பாட்டுக் கேட்ட பழக்கத்தால காது கெட்டதுன்னு இதுல இருக்கு. ஒரு கைநாட்டு வெச்சுட்டாப் போதும்."

தம்பி இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். காது கேட்காது, எழுதிக் காட்டினால் படிக்கத் தெரியாது. அந்த அறையில் நடப்பதில் அக்கா சொல்வது மட்டும்தான் அவனுக்குப் போகும். அவள் சொல்லாவிட்டால் அவனுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. அறுபது வயது வரை வேலை. அவள் அவனுடைய கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினாள்.

"என்னக்கா எழுதியிருக்கு?" அறை அதிர்ந்தது. வெளியே யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"வேலை" என்று வாயை அகலமாகத் திறந்து சொன்னாள். "குடோன். வேலை."

"அது மட்டும்தானா?"

அவள் தலையாட்டப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு வயதுக் காய்ச்சலிலிருந்து அவன் படித்துவருகிற ஒரே புத்தகம் அவள் முகம்தான். அவன் கையை இழுத்துக்கொண்டான். அக்கா சுவர்த் தாள்களைத் தொட்டாள், தன் காதைத் தொட்டாள், பிறகு கையை வாயருகே வைத்துத் தின்பது போல் காட்டினாள்.

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பாட்டா? பாட்டா என் காதைத் தின்னுச்சு?" மேனேஜரைப் பார்த்தான். கோபம் என்று சொல்ல முடியாது. வீட்டுப் பிள்ளை மேல் யாரோ திருட்டுப் பட்டம் கட்டியது போல் இருந்தது அந்த முகம். "எழுதுக்கா. ஒன்பதாம் நம்பர்னு எழுது. பாட்டு இல்லன்னு எழுது."

"குடோன் போயிடும்டா" என்று அவள் உதட்டை அசைத்தாள்.

"எழுதுக்கா."

கைப்பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து, எழுத்து சாயாமல் எழுதினாள். என் காது ஒன்பதாம் நம்பர் பிரஸ்ஸின் சத்தத்தால் போனது. பாட்டால் அல்ல. கேட்ட தடவை என்று எழுதியது என் அக்காவின் பிழை.

மேனேஜர் படித்துவிட்டு மேசை மேல் போட்டார். "கைநாட்டுன்னா, படிச்சுக் காட்டினோம்னு எங்க ஆள் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். அதுதான் இங்க முறை. இதுக்கு யாரும் போட மாட்டாங்க. சும்மா எடுத்துட்டுப் போங்கம்மா."

"கையெழுத்தா இருந்தா?"

"கையெழுத்தா இருந்தா சாட்சி வேண்டாம். சீல் போட்டு வாங்கிக்குவோம். ஆனா யார் போடப்போறா?"

அக்கா இடது உள்ளங்கையில் தம்பியின் பெயரை எழுதினாள். ஆலையில் யாரும் கூப்பிடாத பெயர், நாலே எழுத்து. கையை விரித்து அவன் முன்னால் மேசை மேல் வைத்துவிட்டு, பேனாவை அவனிடம் கொடுத்தாள். எழுதுவது அல்ல அது, பார்த்துப் பார்த்து வரைவது. பேனாவை உளி மாதிரி பிடித்திருந்தான். இரண்டாம் எழுத்தில் தாள் கிழிந்தது. மூன்றாவது எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. கடைசி எழுத்தின் சுழியை எதிர்ப்பக்கம் சுழித்துவிட்டான். கட்டைவிரல் மை பட்டு ஓரத்தில் ஒரு கறையும் விழுந்தது. மேனேஜர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். தானே சொன்ன முறையாயிற்றே, சீல் போட்டு நகலைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே தம்பியின் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அக்கா பத்தொன்பது தடவை நடந்தாள். இரண்டு வருடம் கழித்து, ஆதாரம் போதாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. தம்பி சந்தையில் பெட்டி இறக்குகிறான். பின்னால் வருகிற வண்டி தெரியாது என்பதால் சுவரை ஒட்டியே நடக்கிறான். வேலை போன அந்த வருட டிசம்பரில் அக்கா தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று கையை விரித்தான். அவன் முணுமுணுப்பதும் நின்றுபோயிருந்தது.

சீல் போட்ட நகலை அக்கா மருந்துக் கடை பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறாள். மனுவுக்கு இணைப்பாக வேறு எந்தத் தாளைக் கொடுத்தாலும் இதை மட்டும் அலுவலகங்களில் கொடுத்துவிட்டு வருவதில்லை, காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வாள். தம்பி முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்ட தேதி அதில்தான் இருக்கிறது. 17 மார்ச் 1998, செவ்வாய்க்கிழமை.