கப்பலுக்குக் கட்டிய அரைஞாண்

எங்கள் கப்பலின் இடுப்பைச் சுற்றி, மணிக்கட்டுப் பருமனில் ஒரு கேபிள் ஓடியது. யுத்தத்துக்காகக் கட்டியது. கடலடியில் போட்டுவைத்திருந்த காந்தக் கண்ணிவெடிகள், மேலே இரும்பு போனால் மோப்பம் பிடித்து வெடிக்கும். கேபிளில் மின்சாரம் ஓடினால் கப்பலின் இரும்பு அவற்றுக்குத் தெரியாதாம். வெள்ளைக்கார அதிகாரிகள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். நாங்கள் அரைஞாண் என்றோம். நாங்கள் என்றால் நானும் அவனும். அந்தக் கப்பலில் தமிழ் பேச வேறு நாதி கிடையாது.

அவன் எங்கள் ஊர்க் கீழத்தெருக்காரன். நான் மேலத்தெரு, சின்ன மிராசு வீடு. மன்னார்குடிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஊரில் என் வீட்டுக் கொல்லையைத் தாண்டி அவன் வந்ததில்லை. கப்பலில் மேல்கட்டிலில் அவன், கீழ்க்கட்டிலில் நான். ஒரே குவளையில் தேநீர் குடித்தோம். என்னை 'டேய்' என்றான்.

கேபிள் எங்கள் அறைச் சுவரோரமாகத்தான் போயிற்று. மின்சாரம் ஓடும்போது இளஞ்சூடாக இருக்கும். அந்தக் குளிரில் அது எங்களுக்குப் பெரிய வரம். ஈரக் காலுறையை அதன்மேல்தான் காயப்போடுவோம். பம்பாய்க்காரன் ஒருவன், அதன் பக்கத்தில் படுத்தால் பிள்ளை பிறக்காது என்று யாரோ சொன்னதை நம்பிக் கதவோரம் போய்ப் படுத்தான். அவனைக் கேலி செய்யாமல் நாங்கள் விட்டுவைக்கவில்லை. படுக்கப் போகுமுன் ஆளாளுக்குக் கேபிளைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகிப் போனது. சூடு இருந்தால் உயிர் இருக்கிறது என்று கணக்கு. என் ஊர்க்காரன் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுடுதுடா, தூங்கு," என்பான். நானும் தூங்கிவிடுவேன்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு மத்தியானம். வேலை முடிந்து கம்பளிக்குள் கிடந்தேன். அவன் கை வைத்தபோது கேபிள் சில்லென்று இருந்திருக்கிறது. செருப்பைத் தேடவில்லை. உறைந்து கிடந்த இரும்புத் தளத்தில் வெறுங்காலோடு கடைசிவரை ஓடி எலக்ட்ரீசியனை உலுக்கினான். கேபிளுக்கு மின்சாரம் போகும் பெட்டி ஒன்றில் கடல்நீர் இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்யும்வரை பெட்டியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பனியிலேயே நின்றான். பொழுது சாய்வதற்குள் எங்களுக்குப் பின்னால் அதே வழியில் வந்த கப்பல் வெடித்தது. எங்கள் அடியிலும் ஒன்று கிடந்ததா என்பது யாருக்கும் தெரியாது. அவன் இடதுகாலில் பனியில் கருகிப்போன இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். எனக்குக் கம்பளிச் சூடுகூட ஆறவில்லை.

விரல் போனவனைக் கப்பல் கம்பெனி ஊருக்கு அனுப்பியது. என் நிலத்தை வாரத்துக்கு உழுது, விளைச்சலில் எனக்கொரு பங்கு கொடுத்துப் பிழைத்துக்கொள் என்று வாய்வார்த்தையாகச் சொன்னேன். சொல்லிவிட்டு நான் மறுபடி கப்பலேறினேன். விடுப்பில் வரும்போதெல்லாம் அவன் என்னை 'நீங்க' என்றான். கொல்லைப்பக்கமாக வந்து என் பங்கு நெல்லை இறக்கினான். கூடவே ஒரு பூசணிக்காய், கொஞ்சம் விரால் மீன். முன்வாசல் வழியாக வா என்று ஒருமுறைகூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை, அதுதான் விஷயம்.

நான் கடலை விட்டு ஊரோடு வந்த காலத்தில் ஆட்சி மாறியிருந்தது. தெருவுக்குத் தெரு கொடி. அறுப்புக் கூலிக்குச் சண்டை, வெளியூர் ஆளை இறக்கினால் அடிதடி. குத்தகைக்கு உழுகிறவன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. பெரியப்பா மகன் வீடு தேடி வந்தார்.

"பேரு ஏறிட்டா நெலம் போன மாதிரிதான். கூலிக்காரன்னு சொல்லிடு, நாங்கல்லாம் சாட்சி சொல்றோம்."

நான் அந்த ஆள் இல்லை என்று மனதுக்குள் மார்தட்டிக்கொண்டேன். அதிகாரி வயலுக்கு வந்த அன்று ஊரே வரப்பில் நின்றது. அவன் சேற்றுக்காலோடு தள்ளி நின்றான். பெயர் ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு அவனுக்கு வயல் இல்லை. எங்கள் பங்காளிகள் விடமாட்டார்கள்.

"யாரு சாகுபடி?" என்றார் அதிகாரி.

அதற்காகவே காத்திருந்தவன்போல நான் தொடங்கினேன். கப்பல், கண்ணிவெடி, கேபிள், வெறுங்கால் ஓட்டம், போன விரல்கள், எதையும் விடவில்லை. என் குரலே எனக்குத் தழுதழுத்தது. "என் உசுரைக் காப்பாத்தினவன் சார். அந்த நன்றிக்கு இவன் பேரை எழுதிக்குங்க," என்று முடித்தேன். அதிகாரியே நெகிழ்ந்துபோய்ப் பேனாவைத் திறந்தார்.

"அதுக்காக எழுதாதீங்க," என்றான் அவன்.

எல்லாரும் திரும்பினார்கள். அவன் முகம் கறுத்திருந்தது. அப்படி ஒரு கோபத்தை நான் கப்பலிலும் பார்த்ததில்லை.

"இவரைக் காப்பாத்தவா ஓடுனேன்? அந்தக் கப்பல்ல நானுந்தான இருந்தேன். என் உசுருக்கும் சேத்துதான் ஓடுனேன். இவரு கடல்ல இருந்த காலமெல்லாம் இந்த வயல்ல உழுதது நான், நாத்து விட்டது நான். அதுக்கு எழுதுறதுன்னா எழுதுங்க. தர்மத்துக்குன்னா வேணாம்."

"எதுக்கு எழுதினா என்னய்யா? ரெண்டும் ஒண்ணுதானே," என்றார் அதிகாரி.

"ஒண்ணு இல்லீங்க."

பெரியப்பா மகன் சிரித்தார். "பாத்தியா, குடுக்கப் போனவனுக்குக் கெடைக்கிற மரியாதைய."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஊர் முன்னால் என்னை இப்படி நிறுத்திவிட்டானே என்று பற்றிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம்தான் உறைத்தது. அவனுக்குச் சட்டப்படி உள்ளதை நான் ஊரைக் கூட்டிப் பிச்சையாகப் போடப் பார்த்திருக்கிறேன். அதற்கு அவன் விரல்களையே காட்டிக் கைதட்டல் வாங்கப் பார்த்திருக்கிறேன். "அவருதான் சார் சாகுபடி. ஆரம்பத்துலேர்ந்து அவருதான்," என்றேன். அதிகாரி எழுதினார்.

சம்பா அறுப்பு முடிந்து அவன் நெல் கொண்டுவந்தான். கொல்லைப்பக்கம் வண்டிச் சத்தம் கேட்கவில்லை. முன்வாசலில் கேட்டது. மூட்டைகளை வாசலிலேயே இறக்கினான். பூசணிக்காய் இல்லை, மீன் இல்லை.

"சட்டப்படி உள்ள பங்கு. அளந்துக்குங்க."

"உன்னை நம்பாம நான் யாரை நம்பப்போறேன்?"

"நம்பிக்கை இருக்கட்டும். அளங்க."

மரக்காலை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து அளந்தேன். அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நெல் சரியாக இருந்தது. "உள்ள வா, உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ," என்றேன். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

"வேலை கெடக்குங்க," என்றான். சாக்குகளை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, விரலில்லாத காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, வாசற்படி இறங்கிப் போனான்.