பெயர் மாற்றாத கார்

கட்டுகஸ்தோட்டையில் தனபாலன் மாமாவின் காரில்தான் நான் பத்து வருடம் பாடசாலைக்குப் போனேன். அது அப்போதே பழைய கார். இப்போது ஓடி உழைப்பதை எல்லாம் பெற்றோலே குடித்துவிடுகிறது. பாடசாலைப் பிள்ளைகளை வாடகைக்கு ஏற்றும் ஹயரை விட்டுவிடலாமா என்று யோசித்தவருக்கு, பழைய காரை ஒப்படைத்தால் சிறிய புதுக் கார் வாங்க அரசாங்கம் சலுகை தரும் என்ற செய்தி உயிர் கொடுத்தது.

ஒப்படைக்கும் நாளில் காரைக் கழுவினார். முன்னால் ஒட்டியிருந்த முருகன் படத்தைக் கிழியாமல் உரித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"புதுக் கார்லயும் இவருக்குத்தான் முன்பக்கம்."

"அப்ப நான் டிக்கியிலயா?" என்று சிரித்தார் அவர் மனைவி ராணி மாமி. மீதியையும் மாமிதான் எனக்குச் சொன்னார்.

கண்டி அலுவலகத்தில் அதிகாரி காரின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார்.

"இதுல வேற பேரு இருக்கே?"

"ஓப்பன் பேப்பர்ல வாங்கினது சார். பத்தொன்பது வருஷமா நான்தான் ஓட்டுறேன்."

விற்றவரின் கையெழுத்துள்ள தாளை வாங்கி வைத்தாரே தவிர, மாமா பெயரை மாற்றவே இல்லை. இங்கே பலர் அப்படித்தான்.

"அப்ப அவரக் கூட்டிட்டு வாங்க."

"அவரு செத்துட்டாரு சார். சாவு வீட்டுக்கு இந்தக் கார்லதான் போனேன்."

"பதிவுல உள்ளவருக்குத்தான் சலுகை. இது ஒங்க கார் இல்லையே ஐயா."

வெளியே வந்து முருகனை மறுபடி ஒட்டப் பார்த்தார். ஒட்டவில்லை. மாமி படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுங்க, ஸ்கூல் விடப் போகுது."

மாமா சாவியைத் திருப்பவில்லை.

"ராணி, இவ்வளவு நாளும் யாரு கார்ல போனோம்?"